ஆடியிலிருந்து புரட்டாசி வரை: கோவளம் கடலில் தூண்டில் பயணம் அழைத்துச் செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குத் தெற்கே கோவளத்திலிருந்தும் அதை ஒட்டிய குப்பங்களிலிருந்தும் ஃபைபர் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தூண்டில் போடப் போகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வார இறுதியில் பெங்களூரிலிருந்துகூட ராடும் ரீலுமாக வந்து இறங்குகிறார்கள். நல்ல விஷயம்தான். குப்பத்து இளைஞர்களுக்கு வலையைத் தாண்டி இன்னொரு வருமானம் கிடைக்கிறது. ஆனால் ஜூலை பாதியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இந்தக் கடல் நடந்துகொள்ளும் விதத்தை முழுதாகத் தெரிந்துகொள்ளாமலே பலரும் ஆளேற்றுகிறார்கள். மீன் எங்கே கிடக்கும் என்று சொல்லித்தர நூறு பேர் இருக்கிறார்கள். எப்போது தூண்டிலைச் சுருட்ட வேண்டும் என்று சொல்லித்தர ஆள் குறைவு. இந்தப் பருவத்தில் வழிகாட்டியின் வேலையில் முக்கால்வாசி அதுதான் என்பதால் இந்தக் கட்டுரையும் அதையே சுற்றி வருகிறது.

படி 1: காற்றின் நாள் கணக்கைப் படியுங்கள்

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி நம் பக்கம் வறண்ட மேல்காற்றாக வருகிறது. மீனவர்கள் கச்சான் என்பார்கள். இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. அதனால் விடிகாலையில் கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். கரையோரத்தில் காற்றுக்கு அலை எழுப்ப ஓடுதூரம் இல்லை, அவ்வளவுதான். நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் அதே காற்று குட்டையான, நெருக்கமான அலைகளை எழுப்பியிருக்கும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் அது உறைக்காது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், தண்ணீர் வாரி இறைக்கும், வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். இன்ஜின் நின்றுவிட்டால் படகு கரையை விட்டு விலகித்தான் போகும். கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல் வீசும் நாளில் படகு பழுதானால் காற்றே கரைப்பக்கம் தள்ளும். கச்சானில் அந்த உதவி கிடைக்காது.

முற்பகலில் நிலம் சூடேற ஏற, கடற்காற்று உள்ளே வரப் பார்க்கும். பொதுவாக நண்பகலிலிருந்து இரண்டு மணிக்குள் வந்துவிடும். கச்சான் வலுவாக இருக்கும் நாளில் தாமதமாகும், சில நாள் வரவே வராது. இரண்டு காற்றும் இழுபறியில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் கடல் மூச்சுவிடாமல் நிற்கும், புழுக்கம் தாங்காது. மாலையில் மேற்கே வேலூர், காஞ்சிபுரம் பக்கம் இடிமேகங்கள் திரண்டு கிழக்கே கடலை நோக்கி நகரும். சென்னைக்காரர்கள் ஆகஸ்ட் மாத ராத்திரியில் இடியோடு பார்க்கும் மழை பெரும்பாலும் இப்படி வருவதுதான். அந்த மேகம் நம் தலைக்கு மேல் வந்த பிறகு யோசிப்பதற்கு நேரம் இருக்காது. மழைக்கு முன்னால் வரும் குளிர்ந்த காற்றடிதான் முதல் ஆபத்து. நிமிடக் கணக்கில் காற்று 50, 60 கிலோமீட்டருக்கு ஏறிவிடும்.

ஆக, இந்தப் பருவத்தில் ஆட்களோடு போவதற்கு ஒரே ஒரு ஜன்னல்தான்: விடியலிலிருந்து முற்பகல் பதினொரு மணி வரை. மாலைப் பயணம் கேட்பவர்களிடம் நான் மறுத்துவிடுவேன். சூரியன் மறையும் நேரத்துப் போட்டோ அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதை ஜனவரி, பிப்ரவரியில் எடுத்துக்கொள்ளலாம்.

படி 2: படகு, படகுக்காரர், அனுமதி

குப்பத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் படகில் இல்லாமல் ஆளேற்றாதீர்கள். ராடு பிடிப்பதில் நீங்கள் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி. அலை தாண்டுவதும் நீரோட்டம் பார்ப்பதும் சிறுவயதிலிருந்து கையில் ஊறியவர்களுக்கே முழுதாக வரும். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். யாருடைய வலை எங்கே கிடக்கிறது, எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்தக் குப்பத்துக்காரர்கள் தூண்டில் போடுகிறார்கள் என்பதற்கெல்லாம் எழுதாத ஒழுங்கு ஒன்று உண்டு. அவர்களுடைய வலை மிதவையில் உங்கள் ஜிக் (அடியில் இறக்கும் உலோகச் செயற்கை இரை) மாட்டினால் அறுத்துவிட வேண்டியது ஜிக்கின் லைனை, வலையை அல்ல.

படகு மீன்வளத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும், படகுக்காரரிடம் மீனவர் அடையாள அட்டை இருக்க வேண்டும். மீன்பிடிப் படகாகப் பதிவான ஒன்றில் காசு வாங்கி வெளியாட்களை ஏற்றுவதற்கு என்னென்ன அனுமதி, என்ன காப்பீடு என்பதை மீன்வளத்துறை அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கி வையுங்கள். அது இல்லாமல் தொடங்காதீர்கள்.

கூலி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பயணம் ரத்தானாலும் படகுக்காரருக்குப் பாதிக் கூலி உண்டு என்று முன்பே பேசி வையுங்கள். அப்படி இல்லையென்றால், வானம் சரியில்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டார். அவருக்கு அன்றைய அரிசி அதில் இருக்கிறது. ‘இன்னிக்கு வேணாம் தம்பி’ என்று அவர் தயங்காமல் சொல்ல முடிகிற நிலையை உருவாக்கித் தருவது உங்கள் பொறுப்பு. கரையில் நான் பார்த்த பாதுகாப்பு ஏற்பாடுகளிலேயே மலிவானதும் பலன் கூடியதும் இதுதான்.

இன்ஜினுக்குத் தேவையானவை: உதிரி ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பேனர். மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் என்றால் ஸ்டார்ட் செய்ய வைத்திருக்கும் பெட்ரோல் கேனில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு. கச்சான் காலத்தில் வரும் பங்கு போகும் பங்கைவிட அதிகம் பிடிக்கும் என்பதால், அந்த மூன்றாவது பங்கில் கை வைக்கவே கூடாது.

படி 3: போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள்

வருகிறவர்களிடம் முன்பணம் வாங்கும் நாளிலேயே மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். வானிலையால் நாம் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு தேதி. கடலில் இருக்கும்போது திரும்பலாம் என்று படகுக்காரர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பாதியில் திரும்பினால் கட்டணத்திலிருந்து பாதிப் பணம் கழிக்கப்படுமா இல்லையா என்பதும் முன்கூட்டியே முடிவாகிவிட வேண்டும். நான் கழித்துவிடுவேன். ‘காசு குடுத்துட்டோமே’ என்ற நினைப்போடு ஒருவர் படகில் உட்கார்ந்திருந்தால் திரும்பும் முடிவை ஒவ்வொரு நிமிடமும் எதிர்த்துக்கொண்டே இருப்பார்.

நீச்சல் தெரியுமா, இதய நோய், வலிப்பு, சர்க்கரை உண்டா என்று கேளுங்கள். கர்ப்பிணிகளையும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் இந்த மாதங்களில் ஏற்ற வேண்டாம். வழக்கமான ஃபைபர் படகில் படகுக்காரர் இருவர், விருந்தினர் மூவர், நான். அதற்கு மேல் கிடையாது. நான்கு நண்பர்கள் வந்து நின்றால் இரண்டு படகு. இரண்டாவது படகு கூட வருவது இன்னும் நல்லது.

படி 4: முந்தின நாள் மாலையும் இரவும்

நான் பார்ப்பது இந்த வரிசையில்.

முதலில் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மீனவர்களுக்கான எச்சரிக்கை. ‘மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்’ என்ற வாசகம் நம் கடலுக்கு இருந்தால் அங்கேயே முடிந்தது. எச்சரிக்கை எந்தப் பகுதிக்கு என்று கவனமாகப் படியுங்கள். இந்தப் பருவத்தில் மன்னார் வளைகுடாவுக்கும் குமரிக்கடலுக்கும் அடிக்கடி வரும், வட தமிழகக் கடலோரத்துக்கு அந்த அளவுக்கு வராது. நம் பகுதி பட்டியலில் இல்லை என்பதாலேயே கடல் நன்றாக இருக்கும் என்று பொருளில்லை. மாலை இடிமழையின் காற்றடி பல நேரம் இந்த அறிக்கைக்குள் சிக்காத சின்ன விஷயம்.

இரண்டாவது, ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு. அலை உயரத்தோடு நிற்காமல் அலைக்காலத்தையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை ஆறு விநாடிக்கு ஒன்று வந்தால் அது பக்கத்துக் காற்று எழுப்பியது, படகை உலுக்கும். அதே ஒரு மீட்டர் பதினைந்து விநாடிக்கு ஒன்று வந்தால் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ புறப்பட்டு வந்தது. நடுக்கடலில் அது தெரியவே தெரியாது, கரையில் வந்து உடையும்போதுதான் அதன் பலம் தெரியும். குமரி, கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று பேர் வாங்கியது இந்த வகைதான். நம் கரையில் அந்த அளவுக்கு ஊருக்குள் ஏறாது என்றாலும் படகை இறக்குவதும் ஏற்றுவதும் கடினமாகிவிடும். என் வரம்புகள்: காற்று சீராக 25 கிலோமீட்டருக்கு மேல், அல்லது அலை ஒன்றரை மீட்டருக்கு மேல், அல்லது அலைக்காலம் 12 விநாடிக்கு மேலிருந்து உயரமும் ஒரு மீட்டரைத் தாண்டினால், விருந்தினர்களோடு போவதில்லை. படகுக்காரர்கள் தங்கள் தொழிலுக்கு இதைவிட மோசமான கடலிலும் போவார்கள். அது அவர்கள் அனுபவம். முதல் முறை படகேறும் ஐடி கம்பெனிக்காரருக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

மூன்றாவது, சென்னை ரேடார் படம். இரவு பத்து மணிக்கு ஒருமுறை, எழுந்தவுடன் ஒருமுறை. முதல் நாள் மாலை மழை எத்தனை மணிக்குக் கரையைத் தொட்டது என்று குறித்து வையுங்கள். அடுத்தடுத்த நாட்களில் ஏறக்குறைய அதே நேரத்தில் வரும் பழக்கம் உண்டு, அப்புறம் திடீரென்று ஒருநாள் மாறும். நள்ளிரவுக்குப் பின்னும் மேற்கே மேகம் உயிரோடு இருந்தால் விடிகாலைப் பயணத்தையும் தள்ளிப் போடுங்கள். இடிமழை விடியலில் வருவதும் உண்டு.

மின்னலுக்கு தாமினி செயலியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி காற்றையும் அலையையும் தமிழிலேயே காட்டும், படகுக்காரர் போனிலும் போட்டுக் கொடுங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு படகுக்காரருக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் பார்த்தது எதையும் சொல்லாமல் ‘நாளைக்கு எப்படிண்ணா?’ என்று கேளுங்கள். நீங்கள் சொல்லிவிட்டுக் கேட்டால் அவர் உங்கள் கருத்தையே திருப்பிச் சொல்லக்கூடும்.

படி 5: கரையில், இருட்டு விலகும் முன்

ஆகஸ்டில் சூரியன் ஆறு மணியையொட்டி எழுகிறது. ஐந்து மணிக்குக் கரையில் எல்லோரும் இருக்க வேண்டும். டார்ச் அடித்துப் படகைச் சரிபார்க்கும் நேரத்தில் விருந்தினர்கள் லைஃப் ஜாக்கெட் மாட்டட்டும். ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். தாடைக்கு மேல் ஏறினால் அது அந்த உடம்புக்குப் பெரியது, தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும். கடலுக்குள் போனபின் கழற்றலாமா என்று கேட்பார்கள். வியர்த்துக் கொட்டினாலும் கழற்றக் கூடாது.

குமட்டலுக்கு அவோமின் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு, புறப்படுவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே போட்டிருக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. தூக்கம் வரவைக்கும், அதனால் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறவரைப் பற்றியும் யோசியுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பொங்கலும் வடையும் நிறையச் சாப்பிட்டு வருவதும் ஆகாது. இரண்டு இட்லி போதும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், முழுக்கைச் சட்டை. மேகம் மூடிய நாளிலும் வெயில் தோலை எரிக்கும்.

கரையில் நிற்கும் ஒருவரிடம் போகும் இடம், திரும்பும் நேரம், படகில் உள்ளவர்கள் பெயர் எல்லாம் எழுதிக் கொடுங்கள். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்: கடலோரக் காவல்படைக்கு 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. விஎச்எஃப் ரேடியோ கருவி இருந்தால் 16-ஆம் சேனல். போன்களைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, ஒன்றை அணைத்தே வையுங்கள்.

படி 6: அலை தாண்டுவது

கோவளத்தில் துறைமுகம் கிடையாது. மணலிலிருந்து படகைத் தள்ளி, உடையும் அலைகளுக்கு ஊடே புறப்பட வேண்டும். முழுப் பயணத்திலும் கவிழும் வாய்ப்பு அதிகமுள்ள இரண்டு இடங்கள் இதுவும் இதே வழியாகத் திரும்புவதும்தான்.

அவசரப்படாமல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். மூன்று நான்கு பெரியவை, அப்புறம் ஒரு இடைவெளி. கடைசிப் பெரிய அலை உடைந்து நுரையாகப் பரவும் நொடியில் படகுக்காரர் கை காட்டுவார். அப்போது விருந்தினர்கள் நடுப்பலகைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கைகள் படகின் விளிம்புக்கு வெளியே போகக் கூடாது, ராடுகள் கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். கொக்கி மாட்டிய லூர், அதாவது செயற்கை இரை, எதுவும் தொங்கக் கூடாது. பாப்பர் வகை லூரின் மும்முனைக் கொக்கி குலுங்கும் படகில் என்ன செய்யும் என்பதை விளக்கத் தேவையில்லை. அணியம், அதாவது படகின் முன்முனை, ஒவ்வொரு அலையையும் நேராகச் சந்திக்க வேண்டும். பக்கம் திரும்பினால் அடுத்த அலை படகைப் புரட்டும். யாரும் எழுந்து வீடியோ எடுக்க அனுமதிக்காதீர்கள்.

ஐந்து நிமிடம் பார்த்தும் இடைவெளியே தென்படவில்லை என்றால் இன்று கடல் இல்லை. முட்டுக்காடு உப்பங்கழியின் கரையோரத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடலாம். முகத்துவாரத்தில் இழுவை கடுமையாக இருக்கும், அங்கே யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இந்த மாற்றுத் திட்டம் கையில் இருந்தால் ரத்து என்று சொல்ல நாக்கு தயங்காது.

படி 7: மீன்

இதில் சுருக்கமாகவே சொல்கிறேன். பத்துப் பாகம் ஆழம், அதாவது ஏறக்குறைய 18 மீட்டர், அதையொட்டிய பார்களில் பாரையும் ஷீலாவும் கிடைக்கும். அடியில் ஜிக் இறக்கினால் களவா, சங்கரா. மேலே லூர் இழுத்துக்கொண்டு போனால் வஞ்சிரம், சூரை, அதிர்ஷ்டமிருந்தால் கடல் விரால். ஷீலா, வஞ்சிரம் இரண்டுக்கும் பல் கூர்மை, லைனின் முனையில் கம்பி லீடர் போடாவிட்டால் லூர் போய்விடும். மும்முனைக் கொக்கிகளை எடுத்துவிட்டு முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள். மீனுக்கும் நல்லது, விரலுக்கும் நல்லது.

வானிலை சந்தேகமாக இருக்கும் நாளில் நங்கூரம் போட்டு ஒரே பாரில் கிடப்பதைவிட, கரைக்கு இணையாக லூர் இழுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், திரும்ப நினைத்தால் லைனைச் சுருட்டினால் போதும். காலையில் காற்றை எதிர்த்துக் கரையோரமாகத் தெற்கே முதலில் போய்விட்டு, காற்றோடு ஊரை நோக்கித் திரும்பும்படி பாதையை அமைத்துக்கொள்ளுங்கள். களைத்த நேரத்தில் கடல் சாதகமாக இருக்க வேண்டும். நங்கூரம் போடுவதாக இருந்தால் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். கயிற்றின் படகுமுனையில் ஒரு மிதவையையும், பக்கத்தில் ஒரு கத்தியையும் வையுங்கள். நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டு காற்றும் ஏறினால் அறுத்துவிட்டு வரலாம், மறுநாள் மிதவையைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

பிடித்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்தாலும், கரையிலுள்ள கோபுரம், செல்போன் டவர் என்று இரண்டிரண்டாக நேர்கோட்டில் வைத்தும் மனதில் குறியுங்கள். மழை மறைக்கும் முன் கரை எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சுறா, திருக்கை இனங்கள் மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து லைனை அறுத்து விடுங்கள். திமிங்கலச் சுறா 2001-லிருந்தே சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அது படகருகே வந்தால் இன்ஜினைக் குறைத்து விலகிவிடுங்கள். நீலநிறச் சொறி மீன்கள் இந்த மாதங்களில் மிதந்து வரும். லைனில் ஒட்டிய அதன் இழைகூடக் கொட்டும், கையுறை போட்டே லைனைத் தொடுங்கள்.

படி 8: திரும்பும் கணக்கு

இதைக் கரையில் வைத்தே போட்டுவிட வேண்டும். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

காஞ்சிபுரம் நம் கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். செங்கல்பட்டு 30. இடிமேகம் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால் காஞ்சிபுரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் நம்மிடம் வரும். செங்கல்பட்டில் இருந்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. அதன் காற்றடி மேகத்துக்கு முன்பே வந்துவிடும், அதற்குக் கால் மணி நேரம் கழியுங்கள். இனி நம் பக்கம்: கரையிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கிறோம். லைன்களைச் சுருட்டி, நங்கூரம் எடுக்கப் பத்து நிமிடம். காற்றை எதிர்த்து மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் நாற்பது நிமிடம். அலை இடைவெளிக்குக் காத்திருந்து கரையேறப் பத்து, பதினைந்து. மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

அப்படியானால் செங்கல்பட்டில் மேகம் தெரிந்து கிளம்புவது தாமதம். காஞ்சிபுரத்துக்கு மேல் ரேடாரில் மஞ்சளும் சிவப்பும் திரண்டாலே தூண்டில் மேலே வர வேண்டும். கரையில் ஒருவரை ரேடார் பார்க்க உட்கார வைத்து, அரை மணிக்கொருமுறை போன் செய்யச் சொல்லுங்கள். சிக்னல் போகும் தூரத்தைத் தாண்டிப் போவதாக இருந்தால், அன்று வானம் முழுக்க நம்பகமாக இருக்க வேண்டும்.

போன் இல்லாமலும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே மேகத்தின் உச்சி பட்டறைக்கல்லைப் போலத் தட்டையாக விரிந்து கிழக்கே நீள்கிறதா? காற்று சட்டென்று விழுந்து புழுக்கம் கூடுகிறதா? கரைக்கு மேல் பழுப்பாகத் தூசி எழுகிறதா? தண்ணீரின் மேல் கரைப்பக்கமிருந்து ஒரு கறுத்த கோடு நம்மை நோக்கி நகர்கிறதா? குளிர்ந்த காற்றில் மண்வாசனை வருகிறதா? கடைசி இரண்டும் தெரிந்தால் சில நிமிடங்கள்தான் மீதம். மின்னலைப் பார்த்து இடி கேட்கும் வரை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது.

இப்போது அந்தத் தருணம். மேற்கே கறுக்கிறது, நீங்கள் கிளம்பலாம் என்கிறீர்கள். அதே நேரத்தில் ஒருவரின் ராடு வளைகிறது.

‘இன்னும் பத்தே நிமிஷம் சார், இப்பதான் கடிக்க ஆரம்பிக்குது.’

‘இந்த மீனை ஏத்துங்க சார், அதோட சுருட்டிடலாம். அண்ணன் இன்ஜின் போட்டுட்டாரு.’

விவாதத்துக்குள் போகாதீர்கள். காற்றைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். கொக்கியில் இருக்கும் மீனுக்கு மட்டும் நேரம் கொடுங்கள், மற்றவர்களின் ராடுகளை நீங்களே வாங்கி லூரைக் கழற்றிக் கட்டி வையுங்கள். வேலை நடக்கத் தொடங்கிவிட்டால் எதிர்ப்பு அடங்கிவிடும். மீன் பெரியது, இருபது நிமிடம் இழுக்கும் என்று தெரிந்தால் லைனை அறுங்கள். அறுப்போம் என்று கரையிலேயே சொல்லியிருந்தால் முகம் கோணாது.

வானம் தெளிவாக இருந்தாலும் பத்து மணிக்குக் கடைசி வீச்சு, பதினொன்றுக்குக் கரை. கடற்காற்று எழுந்தபின் தென்கிழக்கு அலை கரையில் உடைவது கூடும், படகேற்றுவது சிரமமாகும்.

படி 9: மாட்டிக்கொண்டால்

காற்றடி பிடித்துவிட்டது என்றால் வேகத்தைக் குறைத்து, அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தரையில், நடுவில், ஒருவரையொருவர் ஒட்டி. ராடுகளைப் படுக்க வையுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், நிமிர்ந்து நிற்கும் ராடு மின்னலுக்கு அழைப்பு. இன்ஜின் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் உலோகத்தைத் தொட வேண்டாம். திறந்த ஃபைபர் படகில் மின்னலிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடையாது, அதனால்தான் முந்தின படியை அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

ஒருவர் வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கட்டும். இன்ஜின் நின்றால் நங்கூரம் போடுங்கள், கயிறு ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு விடுங்கள். அடி எட்டவில்லை என்றால் வாளியையோ மீன் கூடையையோ நீளக் கயிற்றில் முன்பக்கம் கட்டி விடுங்கள். அது தண்ணீரை இழுத்துப் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைக்கும், விலகிப் போவதையும் குறைக்கும். உடனே 1554-ஐக் கூப்பிட்டு ஜிபிஎஸ் எண்களைச் சொல்லுங்கள். நிலைமை முற்றட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இடிமழைக் காற்று மேற்கிலிருந்து வருவதால் கரையை நெருங்க நெருங்க அலை சிறுக்கும். இன்ஜின் ஓடுகிறதென்றால் மெதுவாகக் கரைப்பக்கம் நகர்ந்து, ஆனால் அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே நின்று காற்று அடங்கக் காத்திருங்கள். பெரும்பாலும் அரை மணியில் வேகம் தணியும். கொட்டும் மழையில், கரை தெரியாத நிலையில் அலைக்குள் படகை விடுவது கடலில் நனைந்துகொண்டு நிற்பதைவிட மோசம்.

படி 10: கரையேறுவது, அப்புறம்

திரும்பும்போது அலை முதுகுப் பக்கமிருந்து வரும். உடையும் இடத்துக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் கடந்ததும் கடைசி அலையின் பின்முதுகில் ஏறி அதன் வேகத்திலேயே வர வேண்டும். அலையை முந்திக்கொண்டு அதன் முகத்தில் சறுக்கினால் படகு பக்கம் திரும்பிக் கவிழும். இது படகுக்காரரின் வேலை, அப்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. படகு மணலைத் தட்டியவுடன் குதிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்கிற காலை அடுத்த அலை படகாலேயே நசுக்கும். படகுக்காரர் சொல்லும்போது, கரைப்பக்கம் இல்லாத ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக இறங்கட்டும்.

தாளை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் வந்துவிட்டோம் என்று சொல்லி அதைக் கிழித்துவிடுங்கள். மீனை ஐஸில் போட்டு, ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவி, படகுக்காரரின் கூலியை அங்கேயே கொடுத்துவிடுங்கள். அன்றைய காற்று எத்தனை மணிக்குத் திரும்பியது, நீரோட்டம் எந்தப் பக்கம், மாலையில் மழை எத்தனை மணிக்குக் கரை தொட்டது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பருவம் விடாமல் எழுதினால், எந்தச் செயலியும் காட்டாத உங்கள் கரையின் கணக்கு அதில் இருக்கும். செப்டம்பர் கடைசியில் கச்சான் ஓய்ந்து வடக்கிலிருந்து வாடை எட்டிப் பார்க்கும் நாட்களை அதில் தனியாகக் குறியுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவம் நெருங்கியபின் இந்தக் கட்டுரையின் காற்றுக் கணக்கு எதுவும் பொருந்தாது.